காவல் எங்கே நிற்பது: பழுது தாங்கும் மென்பொருளும் ஆஸ்பெக்ட் முறையும்

எறும்பீசுவரர் குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் திருவெறும்பூரைச் சுற்றிச் சில மைல் தூரத்துக்குள் மூன்று வேறுபட்ட உலகங்கள் அடங்கியிருக்கின்றன. 1965ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாகிய நாட்டின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு தொடங்கப்பெற்று, இன்று ஊராரால் ‘பெல்’ என்று மட்டும் குறிக்கப்படும் உயரழுத்தக் கொதிகலன் ஆலை ஒன்று. 1964இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகப் பிறந்து, 2003 முதல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்கிவரும் துவாக்குடிக் கல்விக்கூடம் மற்றொன்று. நவல்பட்டில் எல்காட் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பூங்கா மூன்றாவது. இரும்பிலே காரியம் செய்பவர்களும் மென்பொருளிலே காரியம் செய்பவர்களும் ஒரே தஞ்சாவூர்ச் சாலையில் பேருந்து ஏறி இறங்கும் இவ்வூரில், இரு சாராருக்கும் பொதுவான ஒரு கேள்வி உண்டு. பழுது என்றாவது ஒருநாள் நேர்ந்தே தீரும் என்று நிச்சயமாய்த் தெரிந்த ஓர் அமைப்பில், அப்பழுதைத் தாங்கும் காவலை, காரியம் செய்யும் உறுப்புக்குள்ளேயே வைப்பதா, அல்லது அதற்கு வெளியே தனியாக நிறுத்துவதா என்பதே அது. மென்பொருள் உலகம் இக்கேள்விக்கு ஆஸ்பெக்ட் முறை என்னும் பெயரால் ஒரு விடையைக் கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சோதித்து வந்திருக்கிறது. அந்தச் சோதனையில் நிலைபெற்றது எது, நிலைபெறாதது எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கொதிகலனைப் பார்ப்போம். ஏனெனில் இவ்விஷயத்தில் அது மென்பொருளுக்கு மூத்தது. அனல் மின்நிலையத்து பாய்லர் ஒன்றை எரியூட்டுவதற்கு முன்னால், அடுப்பறையில் எரியாத எரிபொருளோ வாயுவோ தங்கியிருந்தால் அது வெடித்துவிடும் என்பதற்காக, சுமார் ஐந்து நிமிஷ நேரம் குறிப்பிட்ட அளவு காற்றை உள்ளே செலுத்தி அதைத் துடைத்தெடுக்கிறார்கள். இதனை ‘பர்ஜ்’ என்பது அங்கு வேலை செய்பவர்களின் வழக்கு. பர்ஜ் முடியாமல் எண்ணெய்க் குழாயின் வால்வு திறக்காது. எவ்வளவு அனுபவம் பெற்ற ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினாலும் திறக்காது. எரிந்துகொண்டிருக்கும்போது சுவாலை அணைந்துபோனாலும், அடுப்பறையின் அழுத்தம் எல்லை கடந்தாலும், டிரம்மில் நீர்மட்டம் அபாயமான அளவுக்கு உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், காற்றை இழுக்கும் ஐ.டி. ஃபேன்கள் இரண்டும் ஒருங்கே நின்றாலும், எரிபொருள் முழுவதும் ஒரே கணத்தில் நிறுத்தப்படுகிறது. இவையனைத்தையும் கவனிக்கும் தொகுதிக்கு எஃப்.எஸ்.எஸ்.எஸ். என்று பெயர். அழுத்தத்தையும் நீர்மட்டத்தையும் அளக்க அது ஒரு கருவியை மட்டும் நம்பியிருப்பதில்லை. மூன்று கருவிகளை வைத்து, அவற்றுள் இரண்டு ஒருமித்துச் சொன்னால்தான் பாய்லரை டிரிப் செய்கிறது. ஒரு கருவி பொய் சொல்லிவிட்டால் நிலையம் வீணாக நிற்பதும் இல்லை, ஒரு கருவி ஊமையாகிவிட்டால் அபாயம் தெரியாமற்போவதும் இல்லை.

இந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்கவேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. டிரம்மின் நீர்மட்டத்தைச் சீராக வைத்திருக்கும் கட்டுப்பாட்டுத் தொகுதி வேறு. அம்மட்டம் எல்லை கடந்தால் எரிபொருளை நிறுத்தும் பாதுகாப்புத் தொகுதி வேறு. முன்னது நாள் முழுதும் இடைவிடாமல் உழைப்பது. பின்னது வருஷத்தில் சில தடவையே வாய் திறப்பது. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், கட்டுப்பாட்டில் நேரும் ஒரு பழுதே பாதுகாப்பையும் கெடுத்துவிடும் என்பதைக் கொதிகலன் துறை பல விபத்துக்களின் விலையைக் கொடுத்து அறிந்துகொண்டது. அந்தப் பிரிவினை இன்று அத்துறையின் விதிமுறைகளில் எழுதப்பட்ட கட்டளையாகவே இருக்கிறது.

மென்பொருளில் நெடுங்காலம் நடந்துவந்தது இதற்கு நேர்மாறான காரியம். ஒரு கூட்டுறவு வங்கியின் நிரலில், ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குப் பணம் மாற்றும் பகுதியை எடுத்துக்கொள்வோம். காரியம் என்னவோ இரண்டே வரிகள்தான்: இங்கே பற்று வைப்பது, அங்கே வரவு வைப்பது. ஆனால் எழுதி முடித்த நிரலைத் திறந்து பார்த்தால், அவ்விரண்டு வரிகளைச் சுற்றிலும் தரவுத்தளத்தோடு தொடர்பு அறுந்தால் என்ன செய்வது, பதில் வரத் தாமதமானால் எத்தனை முறை மறுபடியும் முயல்வது, பாதியில் நின்றால் எப்படித் திரும்பப் பெறுவது, நடந்ததை எங்கே பதிவுசெய்வது என்று முப்பது நாற்பது வரிகள் மண்டிக் கிடக்கும். அதே முப்பது வரிகள், சிற்சில மாறுதல்களோடு, கடன் தவணை வசூலிக்கும் பகுதியிலும் வட்டி கணக்கிடும் பகுதியிலும் இன்னும் நூறு இடங்களிலும் காணப்படும். அந்த நூறு இடங்களில் ஏதோ ஒன்றிரண்டில் எழுதுபவர் மறந்துபோயிருப்பார். பழுதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வந்து அகப்படும். ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதும், ஒரே விஷயம் ஊரெங்கும் சிதறிக் கிடப்பதும் ஆகிய இரண்டு தோஷங்களும் இங்கே ஒருங்கே காணப்படுகின்றன.

ஒவ்வொரு கவலையையும் தனித்தனியே பிரித்து ஆராயவேண்டும் என்னும் சித்தாந்தத்தை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1974ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் தெளிவாகக் கூறினார். அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாகவே, நிரலை எந்த அடிப்படையில் பகுதிகளாக வகுப்பது என்பதை டேவிட் பார்னாஸ் விளக்கியிருந்தார். ஆயினும் பகுதிகளாக வகுத்த பின்னும், எல்லாப் பகுதிகளையும் குறுக்கே வெட்டிச் செல்லும் சில கவலைகள் எந்தப் பகுதியிலும் அடங்காமல் எஞ்சி நின்றன. அமெரிக்காவின் ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கிரெகர் கிக்சாலஸும் அவருடைய தோழர்களும் 1997இல் பின்லாந்தில் நடந்த மாநாட்டில் வாசித்த கட்டுரை இந்தக் குறுக்கு வெட்டுக் கவலைகளுக்கென்றே ஒரு தனி உறுப்பை முன்வைத்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஆஸ்பெக்ட். அதைச் செய்துகாட்டும் கருவியாக ஜாவா மொழியின்மீது ஆஸ்பெக்ட்ஜே எழுந்தது. பிற்பாடு சி++ மொழிக்கு ஆஸ்பெக்ட்சி++ வந்தது. இன்று நம் நாட்டு நிறுவனங்களில் மிகுதியாகப் பழகும் ஸ்பிரிங் என்னும் சட்டகத்திலும் இம்முறையின் ஒரு சுருங்கிய வடிவம் உள்ளுறையாக இருக்கிறது.

இதன் யந்திரம் சிக்கலானதன்று. நிரல் ஓடும்போது ஒரு செயற்கூறு அழைக்கப்படுவது, அது திரும்புவது, அதிலிருந்து விதிவிலக்கு என்னும் பிழை அறிவிப்பு எழுவது முதலான தருணங்களை ஜாயின் பாயிண்ட் என்கிறார்கள். அத்தருணங்களுள் எவையெவை நமக்கு வேண்டும் என்று ஒரு விதியால் பொறுக்கியெடுப்பது பாயிண்ட்கட். பொறுக்கிய இடத்தில் முன்னரோ பின்னரோ சுற்றிலுமோ செய்யவேண்டிய காரியம் அட்வைஸ். இவற்றை மூல நிரலோடு சேர்த்து நெய்யும் வேலையைத் தொகுப்பான் செய்கிறது, அல்லது நிரல் ஓடும் வேளையில் ஒரு இடையாள் செய்கிறது. ஆக, பணம் மாற்றும் பகுதி தன் இரண்டு வரிகளோடு நிம்மதியாக இருக்கும். ‘பணம் தொடர்பான எல்லாச் செயற்கூறுகளையும் சுற்றி, தொடர்பு அறுந்தால் மூன்று முறை முயல்க’ என்னும் ஆணை வேறோர் இடத்தில் ஒரே தடவை எழுதப்பட்டிருக்கும். இம்முறையின் சாரத்தை 2000ஆம் ஆண்டில் ராபர்ட் ஃபில்மனும் டேனியல் ஃபிரீட்மனும் இரண்டு குணங்களாக வகுத்தார்கள். ஒரே கூற்றால் பல இடங்களை ஆள்வது முதலாவது; ஆளப்படும் இடம் தான் ஆளப்படுவதை அறியாதிருப்பது இரண்டாவது. முதற்குணத்தை நான் மனமார வரவேற்கிறேன். இரண்டாவது குணமே, பழுது தாங்கும் மென்பொருளைப் பொறுத்தவரை, எல்லாத் தொல்லைகளுக்கும் ஊற்றுக்கண் என்பது என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களைப் பின்னே சொல்லுகிறேன்.

பழுது தாங்கும் கலைக்கும் தனிச் சரித்திரம் உண்டு. நம்பமுடியாத உறுப்புகளைக் கொண்டு நம்பத்தக்க அமைப்பை ஆக்கலாம் என்று 1956இல் வெளியான தம் ஆய்வில் வான் நியூமன் கணித ரீதியாகக் காட்டினார். உறுப்பில் இருக்கும் பழுது, அதனால் அமைப்பின் உள்ளே விளையும் பிழையான நிலை, அந்நிலை வெளியே தெரிந்து அமைப்பு தன் கடமையினின்று தவறும் முறிவு என்று மூன்று படிகளை இத்துறையினர் பிரித்துப் பேசுவார்கள். பழுதை இல்லாமற் செய்வது எப்போதும் சாத்தியமன்று. அது முறிவாக முற்றாமல் நடுவிலே தடுப்பதுதான் இக்கலை. 1975இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்து பிரையன் ராண்டல், ஒரு பகுதி தந்த விடையைப் பரீட்சித்து, தேறாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பி மாற்றுப் பகுதியை ஓடவிடும் மீட்புத் தொகுதி முறையை வகுத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் அல்கிர்தாஸ் அவிசீனிஸ், ஒரே தேவைக்குத் தனித்தனிக் குழுக்கள் தனித்தனி நிரல்களை எழுத, அவற்றின் விடைகளை வாக்கெடுப்பால் தீர்மானிக்கும் முறையை முன்வைத்தார். கொதிகலனின் மூன்றில் இரண்டு விதியை மென்பொருளுக்குக் கொண்டுவரும் முயற்சி என்றே இதைச் சொல்லவேண்டும்.

ஆனால் கருவியும் மென்பொருளும் பழுதாகும் விதம் ஒன்றல்ல. மூன்று அழுத்தமானிகள் ஒரே விநாடியில் ஒரே விதமாகத் தேய்ந்துபோவது அபூர்வம். மூன்று நிரலாளர்கள் ஒரே கடினமான இடத்தில் ஒரே விதமாக வழுக்குவது அவ்வளவு அபூர்வமன்று. ஜான் நைட்டும் நான்சி லெவிசனும் 1986இல் வெளியிட்ட பரிசோதனையில், தனித்தனியே எழுதப்பட்ட 27 நிரல்களைப் பத்து லட்சம் முறை ஓட்டிப் பார்த்தபோது, அவை ஒன்றையொன்று சாராமல் தவறும் என்னும் அனுமானம் பொய்த்துப்போனது. இதற்கு ஓராண்டு முன்னர், டாண்டம் கம்பெனியில் பணியாற்றிய ஜிம் கிரே வேறொரு உண்மையைச் சுட்டியிருந்தார். நன்கு சோதித்து வெளியிடப்பட்ட மென்பொருளில் எஞ்சும் பழுதுகளுள் பெரும்பாலானவை தற்காலிகமானவை, அதே காரியத்தை மறுபடியும் செய்தால் மறைந்துபோகிறவை என்றார் அவர். மறுமுயற்சி என்னும் எளிய பரிகாரம் இன்றுவரை இத்தனை செல்வாக்கோடு விளங்குவதற்கு இந்த அவதானமே ஆதாரம்.

இவ்விரு சரித்திரங்களும் சந்தித்த இடத்தில் ஆய்வுகள் பல எழுந்தன. 2000ஆம் ஆண்டில் மார்ட்டின் லிப்பர்ட்டும் கிறிஸ்டினா லோப்பஸும், ஜாவாவில் அமைந்த ஒரு பெரிய சட்டகத்தை எடுத்து, விதிவிலக்குகளைக் கண்டறிந்து கையாளும் பகுதிகளை ஆஸ்பெக்ட்களுக்கு மாற்றினார்கள்; சாதகமான நிலையில் அப்பகுதி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. பிரேசில் நாட்டு ரெசிஃபி நகரின் சுகாதாரப் புகார்களை ஏற்கும் மென்பொருளில், தரவுத்தளப் பரிவர்த்தனையையும் தொலைத்தொடர்பையும் ஆஸ்பெக்ட்களாகப் பிரித்து 2002இல் செர்ஜியோ சோரஸ் குழுவினர் வெற்றி கண்டார்கள். எல்லாரும் உற்சாகமாக இருந்த அதே 2002இல், யோர்க் கீன்சிலும் ரஷீத் குரேராயியும் ஒரு கடினமான கேள்வியைக் கேட்டார்கள். ஒருங்கியக்கத்தையும் முறிவையும் ஆஸ்பெக்ட்களிடம் ஒப்படைத்துவிட்டு, மூல நிரல் அவற்றைப்பற்றி ஏதும் அறியாமலே இருக்கமுடியுமா? முடியாது என்பதே அவர்கள் கண்ட விடை. எந்தக் காரியங்கள் ஒன்றாகச் சேர்ந்து நிறைவேறவேண்டும், எது நடந்துவிட்டால் திரும்பப் பெறமுடியாது என்பவை நிரலின் பொருளையே சார்ந்தவை. பொருளை அறியாத ஆஸ்பெக்ட் அவற்றை ஊகிக்க வழியில்லை.

பின்வந்த ஆய்வுகள் பெரிதும் இவர்கள் பக்கமே சாய்ந்தன. 2006இல் பிரேசிலின் ஃபெர்னாண்டோ காஸ்டர் ஃபில்யோவும் உடன் ஆய்ந்தவர்களும், விதிவிலக்குக் கையாளும் பகுதிகளை ஆஸ்பெக்டுக்கு மாற்றுவதில் கிடைக்கும் லாபம், அப்பகுதி எவ்வளவு எளியது, சுற்றுப்புறத்தை எவ்வளவு சார்ந்தது என்பதைப் பொறுத்தே இருக்கிறது என்றும், கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் தீமையே மிகுதி என்றும் முடிவு கட்டினர். 2008இல் ரோபெர்ட்டா கோயல்யோ குழுவினர், ஆஸ்பெக்ட்கள் தாமே எழுப்பும் விதிவிலக்குகள் யாராலும் பிடிக்கப்படாமல் ஓடிப்போவதையும், பிடிக்கக்கூடாத இடத்தில் பிடிபடுவதையும் உண்மையான நிரல்களில் எடுத்துக்காட்டினர். காவலாளியே புதிய அபாயத்தைக் கூட்டிவருவது என்பது இதுதான்.

இதற்கு மறுதலையாக, ஆஸ்பெக்ட் முறை ஐயத்துக்கிடமின்றி நன்மை செய்த ஒரு துறையும் உண்டு. சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில், சிறு கணினிகளில் ஓடும் நிரல்களுக்கு, ஒரே கணக்கை இருமுறை செய்து ஒப்பிடுதல் முதலிய காப்புகளை ஆஸ்பெக்ட்சி++ வழியே நெய்து, அவை எத்தனை பழுதுகளைப் பிடிக்கின்றன, எவ்வளவு நேரத்தையும் நினைவிடத்தையும் கூடுதலாக விழுங்குகின்றன என்று ரூபன் அலெக்சாண்டர்சன் முதலானோர் அளந்தார்கள். 2013இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் பல்கலைக்கழகத்துக் கிறிஸ்டாஃப் போர்ச்சர்ட் குழுவினர், ஓர் இயக்கமுறைமையின் முக்கியமான தரவுகளைச் சுற்றி, நினைவகத்தில் ஏதேனும் ஒரு பிட் புரண்டால் கண்டறிந்து திருத்தும் காப்பை இதே வழியில் அமைத்தார்கள். இங்கெல்லாம் வெற்றி கிடைத்ததன் காரணம் வெளிப்படை: புரண்ட பிட்டைச் சரிசெய்வதற்கு அந்தப் பிட் பணத்தைக் குறிக்கிறதா, பாய்லரின் அழுத்தத்தைக் குறிக்கிறதா என்று அறியவேண்டியதில்லை. பரிகாரத்துக்குப் பொருளறிவு தேவையில்லாத இடத்தில் ஆஸ்பெக்ட் தன் முழு வலிமையையும் காட்டுகிறது.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, 1996 ஜூன் 4ஆம் தேதி முதன்முதலாகப் பறந்த ஏரியான் 5 ராக்கெட்டின் கதையைக் காட்டிலும் சிறந்த பிரமாணம் எனக்குத் தெரியவில்லை. அந்த ராக்கெட்டின் திசையறியும் அமைப்பில் ஒரே மாதிரியான இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று பொறுப்பேற்கும். 64 பிட் அளவுள்ள ஓர் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது, எண் கொள்ளளவை மீறியது, விதிவிலக்கு எழுந்தது, துணைக் கணினி நின்றது, கண்ணிமைக்கும் நேரத்தில் முதன்மைக் கணினியும் அதே காரணத்தால் நின்றது. புறப்பட்டு நாற்பது விநாடிகளுக்குள் ராக்கெட் திசைமாறிச் சிதறியது. விசாரணைக் குழுவின் அறிக்கை கூறும் ஒரு செய்தி நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது. இத்தகைய அபாயம் உள்ள மாறிகள் ஏழு என்று முன்கூட்டியே கண்டிருந்தார்கள். கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்னும் இலக்கை மனத்திற்கொண்டு, நான்குக்கு மட்டும் காப்பு எழுதி, மூன்றை விட்டுவிட்டார்கள். விடுபட்ட மூன்றில் ஒன்றுதான் வெடித்தது.

இதைப் படிக்கும் ஆஸ்பெக்ட் அபிமானி உடனே, ‘எண் மாற்றும் எல்லா இடங்களையும் ஒரே பாயிண்ட்கட்டில் அடக்கியிருந்தால் ஏழும் காக்கப்பட்டிருக்குமே’ என்பார். அது உண்மைதான், விடுபடாமல் காக்கும் ஆற்றல் ஆஸ்பெக்டின் பெரும் புகழ். ஆனால் அறிக்கையை மேலும் வாசிக்கவேண்டும். விதிவிலக்கு அங்கே கண்டறியப்படாமல் போகவில்லை, கண்டறியப்பட்டது. கண்டறிந்தவுடன் கணினியை நிறுத்திவிடவேண்டும் என்பதே அமைப்பு முழுவதற்கும் விதிக்கப்பட்ட பொதுவிதி. பழுது என்றால் அது வன்பொருளில் தற்செயலாக நேர்வதே என்னும் நம்பிக்கையில் பிறந்த விதி. அந்த விதியை ஓர் ஆஸ்பெக்டாக அழகாக எழுதியிருந்தாலும், ராக்கெட் அதே விநாடியில் விழுந்திருக்கும். விழுந்த கணக்கோ, ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு எதற்குமே பயன்படாதது; பழைய ஏரியான் 4இன் தேவைக்காகச் சிறிது நேரம் ஓடவிடப்பட்டது. அக்கணக்கு மட்டும் தோற்றால் அதைப் பொருட்படுத்தாமல் பறந்துகொண்டே இருக்கலாம் என்ற தீர்மானத்தை, அக்கணக்கு எதற்காக இருக்கிறது என்று அறிந்தவர்தான் எடுக்கமுடியும். நம் நாட்டிலும் 1993 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதன்முறை ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோளுடன் சுற்றுப்பாதையை அடையாமல் போனதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் வழிகாட்டிக் கணினியின் மென்பொருளில் இருந்த பிழையும் ஒன்று. மறுவருஷம் அக்டோபரில் அடுத்த பி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகப் பறந்தது.

ஆதலின், இந்தக் கேள்விக்கு என் விடை இது. பழுதைக் கண்டறியும் வேலையையும், பரிகாரத்தை நிறைவேற்றும் யந்திரத்தையும் மூல நிரலினின்று பிரித்து ஓரிடத்தில் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும்; எந்தப் பழுதுக்கு எந்தப் பரிகாரம் என்னும் தீர்மானத்தை மாத்திரம் அக்காரியத்தின் பொருளை அறிந்த இடத்தில், அதை எழுதுபவரின் கண்ணுக்குத் தெரியும்படியாக வைக்கவேண்டும்.

வங்கி நிரலுக்கே திரும்பிப் போய், இரண்டு ஆஸ்பெக்ட்கள் சந்திக்கும்போது என்ன நேர்கிறது என்பதை அருகிலிருந்து பார்ப்போம். ஒன்று பரிவர்த்தனை ஆஸ்பெக்ட்: செயற்கூறு தொடங்கும்போது பரிவர்த்தனையைத் திறந்து, நன்றாக முடிந்தால் உறுதிசெய்து, விதிவிலக்கு வெளியே வந்தால் எல்லாவற்றையும் திரும்பப் பெறுவது. மற்றொன்று மறுமுயற்சி ஆஸ்பெக்ட்: விதிவிலக்கு வந்தால் அதை விழுங்கிக்கொண்டு மறுபடி அழைப்பது. பரிவர்த்தனை உள்ளேயும் மறுமுயற்சி வெளியேயும் இருந்தால், முதல் முயற்சி முழுவதும் திரும்பப் பெறப்பட்டு, இரண்டாம் முயற்சி புதிதாகத் தொடங்கும், நல்லது. வரிசை புரண்டு, மறுமுயற்சி உள்ளேயும் பரிவர்த்தனை வெளியேயும் அமைந்துவிட்டாலோ, ஒருவர் கணக்கில் ஆயிரம் ரூபாய் பற்று வைக்கப்பட்டு, வரவு வைக்கும் இடத்தில் ஒரு தற்காலிகத் தடை ஏற்பட்டு, மறுமுயற்சி அதை விழுங்கி, மீண்டும் ஆயிரம் பற்று வைத்து, இம்முறை வரவும் வைத்துவிடும். வெளியே நிற்கும் பரிவர்த்தனை ஆஸ்பெக்ட் விதிவிலக்கையே காணாததால், யாவும் நலம் என்று உறுதிசெய்துவிடும். வாடிக்கையாளரின் கணக்கில் இரண்டாயிரம் குறைந்திருக்கும். பதிவேட்டில் ஒரு பிழையும் இராது. ஆஸ்பெக்ட்கள் இரண்டும் தனித்தனியே குற்றமற்றவை. ஸ்பிரிங் சட்டகத்தில் இரண்டு ஆஸ்பெக்ட்களுக்கு ஒரே முன்னுரிமை எண் இருந்தால் எது உள்ளே, எது வெளியே என்பதற்கு உத்தரவாதமே கிடையாது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், இது எவ்வளவு நுண்ணிய அபாயம் என்பது புலப்படும்.

அறியாமை என்னும் அந்த இரண்டாவது குணம் வேறு விதங்களிலும் தீங்கு செய்கிறது. செயற்கூறுகளின் பெயரைக் கொண்டு பாயிண்ட்கட் எழுதியிருக்கும்போது, மூல நிரலைத் திருத்தும் ஒருவர் ஒரு பெயரை மாற்றினால் போதும். காவல் ஓசையின்றி அவ்விடத்தை விட்டு அகன்றுவிடும். தொகுப்பானும் குறை சொல்லாது, சோதனைகளும் தேறும், பழுது வரும் நாள்வரை எவருக்கும் தெரியாது. ஸ்பிரிங்கில் இடையாள் மூலமாக வரும் அழைப்புக்கே காவல் உண்டு. ஒரு பொருளின் ஒரு செயற்கூறு அதே பொருளின் மற்றொரு செயற்கூறைத் தானே அழைத்தால் இடையாள் விலக்கப்படுகிறான், காவலும் இல்லாமற்போகிறது. 2006இல் ஃபிரீட்ரிக் ஸ்டைமான் இம்முறையின் வெற்றியையே ஒரு முரண் என்று வருணித்ததற்குக் காரணம் இருக்கிறது: பகுதிகளைப் பிரிப்பதற்காகப் பிறந்த முறை, ஒரு பகுதியை மட்டும் படித்து அது என்ன செய்யும் என்று அறியும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. இன்று நடைமுறையில் பலரும் செயற்கூறின் தலைமீதே ‘இது பரிவர்த்தனைக்குரியது’, ‘இதை மறுமுறை முயலலாம்’ என்று ஒரு குறிப்பை எழுதி, அக்குறிப்பைக் கொண்டு ஆஸ்பெக்டை இயங்கவைக்கிறார்கள். ரெசிலியன்ஸ்4ஜே போன்ற நூலகங்கள் இவ்வழியைத்தான் பின்பற்றுகின்றன. தூய ஆஸ்பெக்ட் சித்தாந்திகள் இதைச் சமரசம் என்று குறை கூறலாம். நான் இதைச் சரியான திருத்தம் என்றே கருதுகிறேன். தீர்மானம் காரியத்தின் அருகில் கண்ணுக்குத் தெரிகிறது. யந்திரம் மட்டும் தொலைவில் இருக்கிறது.

இன்னும் ஒரு குறை எஞ்சியிருக்கிறது. கொதிகலனின் காவல் தனி வன்பொருளில் இருக்கிறது. ஆஸ்பெக்டோ தான் காக்கும் நிரலோடு ஒரே செயலியில், ஒரே நினைவகத்தில், ஒரே மூச்சில் வாழ்கிறது. நிரல் நினைவகத்தை முழுதும் விழுங்கிவிட்டால் ஆஸ்பெக்டும் மூச்சடைத்துப் போகும். காவலும் பழுதாகக்கூடிய பொருளே என்பதற்குத் திருச்சிராப்பள்ளிக்காரர்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஸ்ரீரங்கத் தீவையும் டெல்டா வயல்களையும் காவிரியின் வெள்ளத்திலிருந்து காப்பாற்றி, உபரி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடும் முக்கொம்பு மேலணை, 1836இல் ஆர்தர் காட்டனால் கட்டப்பெற்றது. 2018 ஆகஸ்ட் 22 அன்று அம்மேலணையின் கொள்ளிடப் பக்கத்து 45 மதகுகளில் ஒன்பது வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன.

காவலைக் காக்கப்படும் பொருளினின்று வேறு செயலிக்கே அப்புறப்படுத்தும் மரபு, ஸ்வீடனின் எரிக்சன் கம்பெனியில் பிறந்த எர்லாங் மொழியில் வெகு காலமாக உண்டு. அங்கே வேலை செய்யும் சிறு செயலி பிழை கண்டால் தன்னைத் தானே காத்துக்கொள்ள முயலாமல் மடிந்துவிடுகிறது. மேற்பார்வைச் செயலி ஒன்று அதைக் கவனித்துப் புதிதாக எழுப்புகிறது. இதன் தத்துவத்தை ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் 2003ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சிப் பட்டத்துக்கான நூலில் விரித்துரைத்தார். இப்போது பெரிய இணைய நிறுவனங்களில், ஒவ்வொரு சேவையின் பக்கத்திலும் ஒரு துணைச் செயலியை உட்காரவைத்து, மறுமுயற்சி, காலவரம்பு முதலியவற்றை அதனிடம் ஒப்படைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. ஆஸ்பெக்டின் கருத்தையே நிரலுக்கு வெளியே பெயர்த்து நட்டதுதான் இது. பழுதை அடைக்கும் சுவர் இங்கே உறுதியாக இருக்கிறது. ஆனால் பொருளறிவு இன்னும் அதிக தூரத்துக்குப் போய்விட்டது. ஒன்றை ஒன்று அழைக்கும் மூன்று சேவைகளில், ஒவ்வோர் அடுக்கும் அறியாமலே மும்மூன்று முறை முயன்றால், அவற்றுக்கும் கீழே நொந்துகிடக்கும் நான்காவது சேவையின்மீது ஓர் அழைப்பு இருபத்தேழாகப் போய் விழும். இளைத்துப்போன சேவையை எழவொட்டாமல் அமிழ்த்துவது அந்தக் காவலே.

இனி, ஆஸ்பெக்ட் முறையைக் கையாளத் துணிபவர்கள் செய்யவேண்டியது பரீட்சை. மின்நிலையத்தில் புதிய பாய்லரை எரியூட்டுமுன், டிரிப் செய்யும் நிபந்தனை ஒவ்வொன்றையும் தனித்தனியே பொய்யாக உண்டாக்கி, எரிபொருள் வால்வு உண்மையில் மூடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுவார்கள். ஒன்று விடுபட்டாலும் எரியூட்ட அனுமதியில்லை. மென்பொருளிலும் தொடர்பை வேண்டுமென்றே அறுத்தும், பதிலைத் தாமதித்தும், விதிவிலக்கை வலிய எழுப்பியும் பார்க்கும் பழுது புகுத்தும் சோதனை உண்டு. சால்மர்ஸ், டார்ட்மண்ட் ஆய்வாளர்கள் தங்கள் முடிவுகளை அடைந்ததும் இதன் வழியாகவே. வெற்றிப் பாதையை மட்டும் சோதிக்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் பரவலாக இருக்கும்வரை, ஆஸ்பெக்டில் எழுதினாலும் கையால் எழுதினாலும் காவல் காகிதத்தில்தான் இருக்கும். எந்தெந்த இடங்களில் ஆஸ்பெக்ட் நெய்யப்பட்டது என்னும் பட்டியலைத் தொகுப்பானிடமிருந்து ஒவ்வொரு வெளியீட்டின்போதும் வாங்கி, முந்தைய பட்டியலோடு ஒப்பிடுவது சிறிய வேலை. பெயர் மாறியதால் காவல் நழுவிய இடம் அதில் அகப்பட்டுவிடும். கடினமானது ஆஸ்பெக்ட்கள் ஒன்றோடொன்று உராயும் பகுதி. மறுமுயற்சி, பரிவர்த்தனை, பழுதான சேவையை அழைப்பதைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும் சர்க்யூட் பிரேக்கர், பதிவேடு என்று நான்கே ஆஸ்பெக்ட்கள் இருந்தாலும் அவற்றை 24 வரிசைகளில் அடுக்கலாம். எந்த வரிசை எந்தப் பழுதில் என்ன விளைவைத் தரும் என்பதை எழுதிப் பார்க்காமலே இயந்திரத்தால் நிரூபிக்கும் வழி அன்றாடக் கருவிகளில் இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை, ஒரு குழு தன் வரிசையைத் தானே தேர்ந்து, முன்னுரிமை எண்ணை ஒவ்வோர் ஆஸ்பெக்டிலும் வெளிப்படையாக எழுதி, அந்த ஒரு வரிசையில் பழுதைப் புகுத்திச் சோதித்துவிட்டே நிரலை வெளியிடவேண்டும்.